ரெண்டு தள்ளு, ஒரு தட்டு

கூடைப்பந்து ஆடுகிற வீல்சேருக்கு பிரேக் கிடையாது. இதை எனக்குச் சொன்னதே, இடுப்பில் ஒரு பெல்ட், தொடையில் ஒரு பெல்ட், பாதத்தில் ஒரு பெல்ட் என்று என்னை அதோடு இறுக்கிக் கட்டி முடித்த பிறகுதான். "அப்ப நிக்கோணும்னா என்னங்க பண்றது?" என்று கேட்டேன். "அதுக்குத்தான் கையி இருக்குதல்லங்ணா" என்றார் கட்டிவிட்டவர். முகத்தில் சிரிப்பே இல்லை. கோயம்புத்தூர்க் குசும்பு அப்படித்தான் வரும்.

பொங்கல் நோம்பி கழிந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் பக்கத்துச் சேவைச் சங்கம் ஒன்று நிதி திரட்ட நிகழ்ச்சி வைத்திருந்தது. சேரும் பணத்தில் வீல்சேர் கூடைப்பந்து ஆடுகிறவர்களுக்கு விளையாட்டு வீல்சேர் வாங்கித் தருவதாகத் திட்டம். முதலில் வீரர்களே இரண்டு அணியாகப் பிரிந்து ஒரு ஆட்டம் ஆடுவார்கள். அப்புறம் நன்கொடை கொடுத்தவர்களில் ஐந்து பேரை வீல்சேரில் உட்கார வைத்து வீரர்களோடு மோதவிடுவார்கள். பம்பு கம்பெனி வைத்திருக்கும் நண்பர் ஒருவர் அந்த ஐந்தில் ஒருவராக இருந்திருக்க வேண்டும். அன்றைக்கென்று பார்த்து ஒறம்பரை வீட்டில் சீர் வந்துவிட, அவருக்குப் பதில் நான். கணபதியில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன், அவர் கம்பெனிக்குத்தான் ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிறேன். முடியாது என்று சொல்லக்கூடிய இடமில்லை.

தவிர, எனக்குள் ஒரு தெம்பும் இருந்தது. கோயம்புத்தூரில் கூடைப்பந்து என்பது வேறு ஊர்க்காரர்களுக்குப் புரியாத ஒரு கிறுக்கு. மற்ற ஊர்களில் பையன்கள் கிரிக்கெட் மட்டையோடு அலைகிற வயதில் எங்கள் தெருவில் பாதிப் பேர் ஆரஞ்சுப் பந்தோடு அலைவோம். பி.எஸ்.ஜி. கோப்பைக்கும், வ.உ.சி. பூங்கா பக்கத்தில் நடக்கும் நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பைக்கும் நாடு முழுவதிலிருந்தும் அணிகள் வரும். ராணுவ அணி, வங்கி அணி, ரயில்வே அணி என்று பெயர்களையெல்லாம் மனப்பாடமாக வைத்துக்கொண்டு, சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு விளக்கு அணையும்வரை பார்ப்போம். நானும் பள்ளி அணியில் ஆடியவன். தூரத்திலிருந்து எறிவது என் வேலை. இப்போது தொப்பை வந்துவிட்டது, முட்டி நோகிறது, இருந்தாலும் எறிகிற கை எங்கே போய்விடும் என்று நினைத்தேன். உட்கார்ந்துகொண்டு ஆடுவதுதானே, முட்டிக்கும் நல்லதாப் போச்சு.

ஆட்டத்துக்கு முன்னால் நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றது அந்த வண்டியைத்தான். பட்டறைக்காரன் கண் அங்கேதான் போகும். மருத்துவமனையில் நாம் பார்க்கும் மடக்கு வீல்சேருக்கும் இதற்கும் சக்கரம் என்ற ஒன்றைத் தவிர பொதுவாக எதுவும் இல்லை. இது மடங்காது. அலுமினியக் குழாயை வளைத்து ஆர்கான் வெல்டிங் வைத்த ஒரே சட்டம். பின்னால் யாரும் பிடித்துத் தள்ளுவதற்குக் கைப்பிடியே இல்லை. முன்பக்கம் மோதலைத் தாங்குவதற்கென்று குறுக்கே ஒரு வளைகுழாய். ஆள் மல்லாக்கச் சாயாமல் இருக்க முதுகுப்பக்கம் தரையை ஒட்டி ஒரு குட்டிச் சக்கரம். பெரிய சக்கரம் இரண்டும் நேராக நிற்காமல் மேலே உள்வாங்கி, கீழே அகண்டு, காங்கேயம் காளை காலை அகட்டி ஊன்றியது மாதிரி நிற்கின்றன. கேம்பர் என்று நாங்கள் சொல்கிற சாய்வுதான். காருக்கு ஒன்றிரண்டு டிகிரி வைத்தாலே அதிகம். இதில் பதினைந்துக்கு மேலே இருக்கும், இருபது வரைகூட வைப்பார்கள் என்றார் அணியின் கேப்டன்.

அந்தச் சாய்வு ஒன்றிலேயே பல காரியம் நடக்கிறது. கீழே அகலம் கூடுவதால் பக்கவாட்டில் லேசில் கவிழாது. சக்கரத்தின் மேல்பக்கம் உடம்பை ஒட்டி வருவதால் தள்ளுகிற கை தோளுக்கு நேராக இறங்கும். திருப்பினால் சட்டென்று திரும்பும். இரண்டு வண்டி பக்கம் பக்கமாக மோதினால் தரையோரம் சக்கரமும் சக்கரமும்தான் இடிக்கும், மேலே இருக்கிற விரல் நசுங்காது. யாரோ உட்கார்ந்து நன்றாக யோசித்திருக்கிறார்கள். ஒரே சங்கடம், இந்த அகலத்துக்கு நம் ஊர் வீட்டு வாசல் எதுவும் பத்தாது. அதனால் விளையாட்டு வண்டியை அரங்கிலேயே பூட்டி வைத்துவிட்டு, சாதா வீல்சேரிலும், பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டியிலும் வந்து போகிறார்கள்.

பழகிக்கொள்ள எங்களுக்குக் கொஞ்ச நேரம் கொடுத்தார்கள். நேராகப் போவது ஒன்றும் பெரிய கஷ்டமில்லை. வழவழப்பான மரத்தரை, காற்று இறுக்கமாக அடித்த டயர், ஒரு தள்ளுக்கு வண்டி பறக்கிறது. நிறுத்துவதுதான் பாடு. ஓடுகிற சக்கரத்தை இரண்டு உள்ளங்கையாலும் அமுக்கிப் பிடிக்க வேண்டும். பெருவிரலுக்கு அடியில் தோல் சுடுகிறது. ஒரு கை லேசாக முந்திப் பிடித்தால் வண்டி அந்தப் பக்கம் சுழன்றுவிடும். என் கூட்டாளியாக ஆட வந்த துணிக்கடைக்காரர் அப்படிச் சுழன்று நேராகப் போய் ஸ்கோர் எழுதுகிற மேசையில் முட்டினார். தண்ணீர் பாட்டில்கள் உருண்டன. மேசையில் இருந்தவர்கள் பழகியவர்கள் போலிருக்கிறது, பேப்பரை மட்டும் தூக்கிக்கொண்டார்கள்.

தரையில் கிடக்கும் பந்தை எடுப்பது அடுத்த பாடம். குனிந்து எடுக்கலாம் என்றால் தொடையில் கட்டின பெல்ட் விடாது, விட்டாலும் கை எட்டாது. ஈரோட்டிலிருந்து வந்திருந்த ஒரு பெண் செய்து காட்டினார். ஓட்டத்தை நிறுத்தாமலே பந்தின் பக்கத்தில் வந்து, ஒரு கையால் பந்தைச் சக்கரத்தோடு சேர்த்து அழுத்துகிறார். சக்கரம் உருள உருள பந்து அதோடு ஒட்டிக்கொண்டு மேலே ஏறித் தானாக மடிக்கு வந்து விழுகிறது. "சக்கரமே எடுத்துக் குடுக்குமுங்ணா, நாம புடிச்சா மட்டும் போதும்" என்றார். நான் பிடித்தபோது பந்து ஸ்போக்ஸ் பக்கம் நழுவிப் போனது. அவர் பொறுமையாக மறுபடி காட்டினார். கடைசிவரை எனக்கு அது வசப்படவில்லை என்பது வேறு விஷயம்.

விதிகள் பெரும்பாலும் நமக்குத் தெரிந்த கூடைப்பந்துதான். ஆடுகளம் அதே 28 மீட்டருக்கு 15 மீட்டர். பக்கத்துக்கு ஐந்து பேர், பத்து நிமிடம் வீதம் நான்கு பகுதி. வளையம் அதே பத்தடி உயரத்தில். ஒரு அங்குலம்கூட இறக்கித் தரமாட்டார்கள். நாம் ஆடும்போது பந்தோடு நடந்தால் டிராவலிங் என்று விசில் அடிப்பார்கள் அல்லவா, இங்கே அதற்குக் கணக்கு இரண்டு தள்ளு. பந்தை மடியில் வைத்துக்கொண்டு சக்கரத்தை இரண்டு முறை தள்ளலாம், மூன்றாவது தள்ளுக்கு முன்னால் பந்தைத் தரையில் தட்டியாக வேண்டும். தட்டி, பிடித்து, மறுபடி தட்டுவதற்கு மற்ற ஆட்டத்தில் தடை உண்டு, இதில் இல்லை. "ரெண்டு தள்ளு, ஒரு தட்டு, ரெண்டு தள்ளு, ஒரு தட்டு" என்று கேப்டன் எங்களுக்குத் தாளம் சொல்லிக் கொடுத்தார். சொல்கிறபோது சுலபம். கை தள்ளுவதில் இருக்கும்போது பந்து மடியை விட்டு உருண்டு ஓடும், பந்தைத் தட்டப்போனால் வண்டி ஒரு பக்கம் கோணிக்கொண்டு போகும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அவர்களுடைய புள்ளிக் கணக்கு. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் 1.0 முதல் 4.5 வரை, அரை அரையாக ஏறும் ஒரு மதிப்பு உண்டு. திறமைக்குக் கொடுக்கிற மார்க் இல்லை இது, உடம்பில் எவ்வளவு இயங்குகிறது என்பதன் அளவு. நெஞ்சுக்குக் கீழே எதுவும் அசையாதவருக்கு 1. இடுப்பும் வயிறும் நன்றாக இயங்கி, ஒரு கால் மட்டும் போனவருக்கு 4, 4.5 வரும். களத்தில் இருக்கும் ஐந்து பேரின் கூட்டுத்தொகை, சர்வதேச ஆட்டத்தில், 14-ஐத் தாண்டக் கூடாது. அதனால் நாலரைப் புள்ளிக்காரர்களாகவே பொறுக்கி அணி கட்ட முடியாது. ஒரு புள்ளி, ஒன்றரைப் புள்ளி ஆட்களும் உள்ளே வந்தே ஆக வேண்டும். இடம் கொடுப்பதை ஒரு சலுகையாக வைக்காமல் ஆட்டத்தின் கணக்குக்குள்ளேயே போட்டுப் பூட்டிவிட்டார்கள். கனடா, ஜெர்மனி போன்ற நாடுகளின் உள்ளூர்ப் போட்டிகளில் எந்தக் குறையும் இல்லாதவர்கள்கூட வண்டியில் உட்கார்ந்து இந்தக் கணக்குக்குள் ஆடுகிறார்களாம். அன்றைக்கு எங்கள் ஐந்து பேருக்கும் எத்தனை புள்ளி என்று துணிக்கடைக்காரர் கேட்டார். "உங்களுக்கெல்லாம் மைனஸ்லதானுங்க போடோணும்" என்று பதில் வந்தது.

சரி, ஆட்டம். எங்களுக்கு ஸ்கோரில் இருபது புள்ளி முன்கூட்டியே கொடுத்து ஆரம்பித்தார்கள். பெருந்தன்மை என்று நினைத்தேன். முதல் பகுதி முடிவதற்குள் அது கரைந்துவிட்டது.

ஆட்டத்தில் என்னை நகரவிடாமல் மடக்கியவர் ஒரு புள்ளிக்காரர். பொள்ளாச்சிப் பக்கத்துப் பையன், இருபத்தைந்து வயதுக்குள் இருப்பான். உட்கார்ந்த இடத்தில் முதுகு நிமிர்ந்து நிற்பதற்கே பெல்ட்டின் தயவு வேண்டும். ஒரு கையால் பந்தைத் தலைக்கு மேலே தூக்கினால் மறு கையால் சக்கரத்தைப் பிடித்துக்கொள்கிறான், இல்லையென்றால் சாய்ந்துவிடுவான். இவனைத் தாண்டிப் போவது ஒரு காரியமா என்று வலது பக்கம் திரும்பினேன். அவன் வண்டியின் முன்குழாய் என் சக்கரத்துக்கும் காஸ்டர் என்கிற முன்பக்கக் குட்டிச் சக்கரத்துக்கும் நடுவில் வந்து நின்றது. இடது பக்கம் திரும்பினேன், அங்கேயும் வந்து நின்றது. அவன் பந்தைப் பார்க்கவே இல்லை, என் சக்கரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். நான் எந்தக் கையை முதலில் ஊன்றுகிறேன் என்பது தெரிந்தால் நான் போகப்போகும் திசை அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. நான் அவனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது அந்தப் பக்கம் நாலு புள்ளிக்கார தாராபுரத்துக்காரர் ஆளே இல்லாத இடத்தில் போய் நின்று சாவகாசமாகக் கூடை போட்டுக்கொண்டிருந்தார். ஸ்கோர் பலகையில் ஏறுவது தாராபுரத்துக்காரர் கணக்கில்தான். ஆனால் பாதிக் கூடை பொள்ளாச்சிப் பையனுடையது. கூட்டத்தில் எத்தனை பேருக்கு அது தெரிந்தது என்று சொல்ல முடியாது.

எறிகிற கையைப் பற்றிச் சொன்னேன் அல்லவா. ஒருமுறை ஆள் யாரும் என் மேல் வராமல் இலவச எறி கோட்டின் பக்கத்தில் பந்து கிடைத்தது. பள்ளியில் கண்ணை மூடிக்கொண்டு போட்ட இடம். மணிக்கட்டு சரியாகத்தான் மடங்கியது. பந்து வலையைக்கூடத் தொடாமல் முன்னாலேயே இறங்கிவிட்டது. எறிகிற பலம் கையிலிருந்து வருவதாக இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். பாதி பலம் முட்டியை மடக்கி எழும்புவதில் இருந்திருக்கிறது. உட்கார்ந்த உயரத்திலிருந்து பத்தடிக்கு அனுப்ப வேண்டுமென்றால் தோளும் புஜமும் மட்டும்தான் துணை. அடுத்த தடவை இன்னும் எக்கி எறியப் பார்த்தேன். இடுப்பு பெல்ட் சுண்டி இழுக்க, விசில் வேறு. இருக்கையை விட்டு உடம்பைத் தூக்குவது குற்றமாம். கால் வேலை செய்கிறவன் அந்த அனுகூலத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது. சரிதானே!

உயரம் வேண்டும் என்றால் அவர்கள் வேறொன்று செய்கிறார்கள். தாராபுரத்துக்காரர் எங்கள் ஆள் கையை உயர்த்தி மறிக்கும்போது, ஒரு பக்கம் சாய்ந்து, இடுப்பை வெட்டி, வண்டியின் ஒரு சக்கரத்தைத் தரையை விட்டு எழுப்பினார். இன்னொரு சக்கரத்தின் விளிம்பில் வண்டி முழுவதும் நிற்கிறது. அந்தச் சாய்விலேயே நீட்டிய கை எங்கள் ஆளின் விரலைத் தாண்டிப் போய்ப் பந்தை விட்டது. பந்து வளையத்துக்குள் போவதற்குள் சக்கரம் டொப்பென்று தரைக்கு வந்தது. போலியோவில் ஒரு காலை இழந்தவர் அவர், இடுப்புக்கு மேல் உடம்பு எஃகு. அது இயங்குவதால்தான் இந்த வித்தை அவருக்குச் சாத்தியம். பொள்ளாச்சிப் பையனால் எத்தனை வருஷம் பழகினாலும் இதைச் செய்ய முடியாது. புள்ளிக் கணக்கு எதை அளக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது.

மூன்றாவது பகுதியில் நான் விழுந்தேன். ஈரோட்டுப் பெண் என் கையிலிருந்து பந்தைப் பிடுங்கிக்கொண்டு போக, நானும் வீம்புக்குத் திருப்பி விரட்ட, குறுக்கே வந்த வண்டியில் மோதிப் பக்கவாட்டில் சாய்ந்தேன். லேசில் கவிழாது என்று மேலே எழுதியதை ஞாபகம் வைத்திருப்பீர்கள். கூட்டத்தில் "அய்யோ" என்று ஒரு சத்தம். சங்கத்துக்காரர்கள் இரண்டு பேர் தூக்க ஓடிவந்தார்கள். நான் பாத பெல்ட்டை அவிழ்க்கக் கையைக் கொண்டுபோனேன். கேப்டன் பக்கத்தில் வந்து நின்று, "பெல்ட்டைத் தொடாதீங்ணா. கையைத் தரையில ஊனுங்க. வண்டியும் உங்களோட ஒட்டுக்கா எந்திரிக்கும்" என்றார். ஓடிவந்தவர்களைக் கண்ணாலேயே நிறுத்திவிட்டார். உள்ளங்கையை ஊன்றி, உடம்பை முறுக்கி, மூச்சுப் பிடித்துத் தள்ளிப் பார்த்தேன். பாதிவரை வந்து மறுபடி விழுந்தேன். கடைசியில் அவரே என் வண்டியின் குழாயில் ஒரு கையைக் கொடுத்து நிமிர்த்திவிட்டார். காலையில் அவர்களுடைய ஆட்டத்தில் அந்தப் பெண் இதே போல விழுந்ததைப் பார்த்திருந்தேன். ஒரு கையை ஊன்றி, ஒரு எக்கு, எழுந்து நேராகப் பந்துக்குப் போய்விட்டார். ஒருத்தரும் அய்யோ என்று சொல்ல நேரம் கிடைக்கவில்லை.

தோற்றோம். எவ்வளவில் என்று கேட்காதீர்கள்.

மதியம் அரிசிம்பருப்புச் சாப்பாடு, தொட்டுக்கொள்ள அப்பளம், தயிர். பெரிய விருந்தெல்லாம் வைக்காமல் ஊர்ச் சாப்பாடாகப் போட்டதற்குச் சங்கத்தைப் பாராட்ட வேண்டும். நெய் தாராளம். என் பக்கத்தில் பொள்ளாச்சிப் பையன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அவ்வப்போது இடது கையை இருக்கை ஓரத்தில் ஊன்றி உடம்பை அந்தப் பக்கமாகச் சாய்த்து, சித்தே அப்படியே வைத்திருந்து இறக்கினான். என்ன என்று கேட்டேன். "கீழ உணர்ச்சி இல்லீங்ளா, ஒரே எடத்துல அழுந்துனா புண்ணு வந்துரும். நமக்குத் தெரியாதுங்க. அதனால கணக்கு வெச்சுத் தூக்கிக்கறது." படுக்கைப் புண் என்பது படுத்திருப்பவர்களுக்கு வருவது என்று நினைத்திருந்தேன். நாம் நாற்காலியில் நெளிவதையெல்லாம் உடம்பே பார்த்துக்கொள்கிறது, இவன் அந்த வேலையையும் சேர்த்துத் தானே செய்கிறான். வேசகாலத்தில் இன்னொரு தொந்தரவும் உண்டாம். அடிபட்ட இடத்துக்குக் கீழே சரியாக வியர்க்காது, உடம்பு சூடேறிக்கொண்டே போகும். சித்திரையில் பயிற்சி என்றால் செடிக்கு அடிக்கிற ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் நிரப்பி ஒருவருக்கொருவர் அடித்துக்கொள்வார்கள்.

தென்னை மரத்திலிருந்து விழுந்தவன் அவன். தோப்பில் தேங்காய் போட ஏறியவன், மட்டை வழுக்கிவிட்டது. நம் பக்கத்தில் முதுகுத்தண்டு அடிபடுகிறவர்களின் கதையைக் கேட்டால் பெரும்பாலும் இதில் ஒன்றுதான் வரும். பைக், மரம், கட்டடச் சாரம், கிணறு. "விழுந்தப்பகூட ஒரு கால் லேசா அசைஞ்சுதுங்க" என்றான். தோப்பிலிருந்த நாலு பேர் கையையும் காலையும் ஆளுக்கொன்றாகப் பிடித்துத் தூக்கி, மடங்கின வாக்கிலேயே ஆட்டோவில் திணித்துக் கொண்டுபோயிருக்கிறார்கள். பதறிப்போய் நல்லது நினைத்துச் செய்தவர்கள்தான். ஆனால் முதுகு அடிபட்டவரை அப்படித் தூக்கவே கூடாது. கழுத்தும் முதுகும் வளையாமல், பலகையோ கதவோ எதையாவது அடியில் கொடுத்து, ஒரே மட்டமாகத் தூக்க வேண்டும். முடிந்தால் 108 வரும்வரை அசைக்காமலே விடுவது நல்லது. மரத்தில் ஏறுகிறவர்களுக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் கேரா சுரக்ஷா காப்பீடு இருக்கிறது. அது அவனுக்குத் தெரிய வந்தது விழுந்த பிறகு, வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் சொல்லி.

கேப்டன் வரலாறு நிறையப் படித்தவர். இந்த ஆட்டம் எங்கிருந்து வந்தது என்று அவரிடம் கேட்டதுதான் தாமதம். இரண்டாம் உலகப் போரில் முதுகு அடிபட்டுத் திரும்பிய சிப்பாய்கள் அமெரிக்காவில் 1946 வாக்கிலேயே வீல்சேரில் கூடைப்பந்து ஆட ஆரம்பித்துவிட்டார்கள். இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த லுட்விக் குட்மன் என்ற மருத்துவர், 1948 ஜூலை 29 அன்று, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், 16 பேரை வைத்து வில்வித்தைப் போட்டி நடத்தினார். முதுகுத்தண்டு போனால் சில வருஷத்தில் ஆள் போய்விடுவார் என்று டாக்டர்களே கைவிட்டிருந்த காலம் அது. அதிலிருந்து வளர்ந்து 1960-இல் ரோமில் முதல் பாராலிம்பிக் நடந்தபோது வீல்சேர் கூடைப்பந்தும் அதில் இருந்தது. நம் நாட்டில் 1965 போரில் குண்டடி பட்ட முரளிகாந்த் பேட்கர் என்ற சிப்பாய், 1972-இல் ஹைடல்பர்க்கில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வாங்கினார். தனிநபராக இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பாராலிம்பிக் தங்கம் அது. பத்மஸ்ரீ கிடைத்தது 2018-இல். "நாப்பத்தாறு வருசங்ணா. கவர்மெண்டு பைலுக்கும் பிரேக் இல்லைன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன், அதுக்கு பிரேக் மட்டுந்தான் இருக்குது" என்றார் கேப்டன்.

வீல்சேர் கூடைப்பந்துக்கென்று ஒரு தேசியக் கூட்டமைப்பு வந்தது 2014-இல்தான். போலியோவால் பாதிக்கப்பட்ட மாதவி லதா சென்னையில் அதற்கு விதை போட்டவர். சேலம் பக்கத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் 2016-இல் ரியோவில் உயரம் தாண்டித் தங்கம் வாங்கிய பிறகு ஊரில் நிலைமை மாறியதா என்று கேட்டேன். மாறியது என்றார்கள், ஒரு தினுசாக. முன்பு "பாவம், எதுக்கு உனக்கு இதெல்லாம்" என்றவர்கள் இப்போது "நீ எப்ப தங்கம் வாங்குவ?" என்று கேட்கிறார்களாம். சும்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆடி, வேர்த்து, தோற்று, டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிற சுகம் எல்லாருக்கும் இருக்கிறது. இவர்கள் மட்டும் பாவமாகவோ பதக்கமாகவோ இருக்க வேண்டும்.

பரிசளிப்புக்கு மேடை போட்டிருந்தார்கள். மேடைக்கு மூன்று படி. வீல்சேர் வாங்கித் தருவதற்காக நடந்த நிகழ்ச்சியில், வீல்சேர் ஏற முடியாத மேடை. யாருக்கோ கடைசியில் உறைத்து, ஒட்டுப்பலகை ஒன்றைச் சாய்த்து வைத்தார்கள். சாய்தளம் என்றால் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது கணக்கு. அந்தப் பலகை நாலடி இருந்தால் அதிகம். கேப்டன் அதைப் பார்த்துவிட்டு, "சார் கீழ வந்துட்டா எல்லாத்துக்கும் சௌரியம்" என்று மைக்கில் சொல்ல, சிறப்பு விருந்தினர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். பேச்சுகளைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. தன்னம்பிக்கை என்ற சொல் அங்கே பட்ட பாட்டைப் பொள்ளாச்சிப் பையன் என் காதருகே வந்து எண்ணிக்கொண்டிருந்தான்.

எனக்கு மனதில் நின்றது வண்டிதான். தாராபுரத்துக்காரர் வீட்டுப் பொடக்காலியில் மடக்கு வீல்சேர் மூன்று துருப்பிடித்துக் கிடக்கிறதாம். மூன்றும் மூன்று நிகழ்ச்சியில் தானமாக வந்தவை, போட்டோவோடு. எதுவும் அவர் உடம்புக்குப் பொருந்தாது. அகலம் கூடினால் ஆள் ஒரு பக்கம் சரிகிறார், கால்தட்டு தாழ்ந்தால் தொடை தொங்குகிறது, முதுகுச் சாய்மானம் உயர்ந்தால் தள்ளுகிற தோள் இடிக்கிறது. இடுப்பு அகலம், தொடை நீளம், முதுகு உயரம், முட்டியிலிருந்து பாதம் என்று ஒவ்வொருவருக்கும் அளந்து செய்ய வேண்டிய பொருள் அது. சென்னை ஐ.ஐ.டி.யில் முளைத்த நியோமோஷன் போன்றவர்கள் தினசரி உபயோகத்துக்கு அப்படி அளந்து செய்து கொடுக்கிறார்கள். விளையாட்டு வண்டி என்றால் வெளிநாட்டிலிருந்து லட்சங்களில் வருகிறது. ஒரு காஸ்டர் பேரிங் போனாலும் மாற்றுச் சாமானுக்கு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். கிரைண்டரும் பம்பும் மோட்டாரும் செய்து ஊர் ஊராக அனுப்புகிற கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு, இதைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. மொத்தமாக வாங்கி மேடையில் வரிசையாக நிறுத்தி வைப்பதைவிட, இருக்கிற வண்டியைச் சரிபண்ணிக் கொடுக்க ஊரில் நாலு பட்டறை இருந்தால் ஆட்டம் அதிகம் நடக்கும் என்பது என் கட்சி. சங்கத்துக்காரரிடமும் சொன்னேன். "அது போட்டோவுல வராதுங்களே" என்றார். பொய் சொல்லாத மனிதர்.

அடுத்த வாரத்தில் ஒருநாள் கேப்டன் ஸ்கூட்டியிலும், பின்னால் மினி ஆட்டோவில் இரண்டு விளையாட்டு வண்டிகளுமாகப் பட்டறைக்கு வந்தார்கள். ஒன்றில் காஸ்டர் ஃபோர்க் வளைந்து, பேரிங் கரகரவென்று அரைத்துக்கொண்டிருந்தது. கழற்றிப் பார்த்தால் நம் ஊர்க் கடையில் கிடைக்கிற அளவு பேரிங்தான். இத்தனை மாதம் எதற்காகக் காத்திருந்தார்களோ! இன்னொன்றில் முன்குழாய்ச் சட்டத்தில் வெல்டிங் ஓரமாக மயிரிழை விரிசல். என் சக்கரத்துக்கு நடுவில் வந்து வந்து நின்றதே, அதே வண்டி. அலுமினியம் என்பதால் காந்திபுரத்தில் ஆர்கான் வைக்கிற தெரிந்த பையனை வரவழைத்தேன். உள்ளே ஒரு ஸ்லீவ் கடைந்து போட்டு, மேலே வெல்டிங் வைத்தோம். இரண்டு நாள் வேலை.

கூலி எவ்வளவு என்று கேட்டார் கேப்டன். இருக்கட்டும், வேண்டாம் என்றேன்.

"அதெல்லாம் ஆகாதுங்ணா. பில்லு போடுங்க. சும்மா செஞ்சு குடுத்தா அடுத்த தடவை கேக்கறதுக்குக் கூச்சமாப் போயிரும், வேலையும் கடைசியாத்தான் நடக்கும்."

சரி என்று பில் போட்டேன். வாங்கி, மேலிருந்து கீழே நிதானமாகப் படித்தார்.

"ஏனுங்ணா, ஸ்லீவுக்கு எரநூத்தி அம்பதா? அதே டயமீட்டர்ல ஆவாரம்பாளையத்துல நூத்தி எம்பதுக்குத் தர்றாங்களே."

அரை மணி நேரம் பேரம் பேசி இருநூற்றுப் பத்துக்கு முடித்தோம்.